ஒரே மூச்சில் சொன்ன நிபந்தனை

சலூன்காரரின் நாற்காலியில் முகம் நிறைய நுரையோடு சாய்ந்திருந்தவன், அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போவதற்காக வந்த ஆள்.

"பிரமாதமான நாற்காலிங்க" என்றான் கண்ணை மூடியபடி. "உட்கார்ந்தா எழுந்திரிக்கவே மனசு வரல."

"அப்ப எழுந்திரிக்காதீங்க" என்றார் சலூன்காரர். "நீங்க எழுந்தாத்தானே அதைத் தூக்குவீங்க?"

அவனுடைய கூட்டாளி பெஞ்சில் உட்கார்ந்து, அட்டை போன சினிமாப் பத்திரிகை ஒன்றைப் பரீட்சைக்குப் படிப்பவன் மாதிரிப் படித்துக்கொண்டிருந்தான். வாசலில் ஒரு வேன் பின்கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு நின்றது. அதன் பக்கவாட்டில் 'மேகாசனம் – உட்காருங்கள், மறந்துவிடுங்கள்' என்று எழுதியிருந்தது. எதை மறக்க வேண்டும் என்று மட்டும் எழுதவில்லை.

கொழுந்தன் ஸ்கூட்டரைக் கொண்டுவந்து வேனுக்குக் குறுக்கே நிறுத்தினான்.

"லேட்டாயிடுச்சா அண்ணி?"

"அந்தாள் மூஞ்சியில இன்னும் ஒரு கன்னம் பாக்கி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள் அண்ணி. "லேட் இல்ல."

அவளை அண்ணி என்று கூப்பிட முறைப்படி உரிமையுள்ளவன் உலகத்திலேயே கொழுந்தன் ஒருவன்தான். ஆனால் அவன் நாள் முழுக்கப் பின்னாலேயே நடந்து கூப்பிட்டதில், கடைக்காரர்கள், கான்ஸ்டபிள்கள், எதிராளியின் வக்கீல்கள் வரை எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில், பொடி எழுத்தில் வரும் வாக்கியங்களை எழுதுவது அவளுடைய உத்தியோகம். 'நெருப்பு என்பது நெருப்பைக் குறிக்காது' என்கிற ரகத்து வாக்கியங்கள். ஒருநாள் அவள் வீட்டுக் கூரையே ஒழுகியது. இழப்பீடு கேட்டாள். 'ஒழுகல் என்பது மேலிருந்து கீழே வரும் நீரைக் குறிக்காது' என்று பதில் வந்தது. அருமையான வாக்கியம். அதற்கு முந்தின வருஷம் அவளே எழுதியது. மறுநாளே வேலையை விட்டாள். அன்றிலிருந்து பொடி எழுத்து எங்கே தென்பட்டாலும், எலியைக் கண்ட பூனை மாதிரி அவளுக்கு மீசை துடிக்கும் என்பான் கொழுந்தன். மீசை என்ற சொல்லுக்காக ஒரு முறை திட்டும் வாங்கியிருக்கிறான்.

கொழுந்தனுடைய முன்னாள் தொழில் டப்பிங் ஸ்டூடியோவில் கும்பல் குரல். சண்டைக் காட்சிக்கு 'ஐயோ', கல்யாணக் காட்சிக்கு 'ஆஹா', கோர்ட் காட்சிக்கு வெறும் முணுமுணுப்பு. இந்த மூன்றைக் கொண்டே வாழ்க்கையில் எந்தச் சந்தர்ப்பத்தையும் சமாளித்துவிடலாம் என்பது அவனுடைய அனுபவம்.

இப்போது "ஐயோ" என்றான். சுவரோரமாக நிறுத்தியிருந்த மேகாசனத்தை அப்போதுதான் பார்த்தான். கறுப்பு ரெக்சின் போர்த்தி, யானைக்குட்டி குப்புறப் படுத்த மாதிரி ஒரு வஸ்து. அதன்மேல் துவைத்த துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன.

"இதுதான் அந்த இலவசமா?"

"இதுதாங்க" என்றார் சலூன்காரர். கத்தியைத் தீட்டிக்கொண்டே, அவசரமே இல்லாமல் சொல்ல ஆரம்பித்தார். "எனக்கு முதுகுத்தண்டுல தேய்மானம். குனிய முடியாது. இந்தப் பழைய நாற்காலி ஒரு பல் டாக்டர் கடையைக் கட்டினப்ப அவர்கிட்ட வாங்கினது. மிதிச்சா மேல வரும், கஸ்டமர் தலை என் கைக்கு வந்துடும். இப்பவும் சில பேரு உட்கார்ந்ததும் பழக்கத்துல வாயைத் திறந்துடறாங்க. இது இருக்கறதாலதான் என் தொழில் இருக்கு. சரி, முதுகுக்கு நல்லதாச்சேன்னு டிவியில பார்த்து அந்தச் சனியனுக்குப் போன் பண்ணேன். முற்றிலும் இலவசம்னான்."

"வந்ததும்?"

"கொண்டுவந்த கட்டணம். படியேத்தின கட்டணம்."

கொழுந்தன் வாசலைத் திரும்பிப் பார்த்தான். "உங்க கடைக்குப் படியே இல்லையே?"

"கேட்டேன். படி இருந்தா ஏத்தறதுக்குத் தயாரா வந்தோம்ல, அதுக்குன்னான். அப்புறம் மாசாமாசம் பராமரிப்பு. யாரும் வந்து பராமரிக்கலையேன்னதுக்கு, பராமரிக்க வேண்டிய அவசியம் வராத மாதிரி பார்த்துக்கிட்டோம்னான். போன மாசம் நன்றிக் கட்டணம்னு ஒண்ணு."

"யாரு யாருக்கு நன்றி?"

"அவங்க எனக்கு நன்றி சொல்லி ஒரு வாழ்த்து அட்டை அனுப்பினாங்க. அதுக்கு."

பத்திரிகை படித்தவன் நிமிர்ந்தான். "கட்டணம் கட்டலைன்னா அதே கடையில இருக்கற சம மதிப்புள்ள இருக்கையை எடுத்துக்கலாம்னு நிபந்தனை இருக்கு. மூணு மணிக்குச் சமரச அலுவலகத்துல விசாரணை. முடிஞ்சதும் போன் வரும், தூக்கிடுவோம். எங்க மேல கோபப்படாதீங்க. நாங்க வெறும் முதுகு."

"சமரச அலுவலகத்துல அவங்க பக்கம் என்ன சொல்றாங்க?" என்று அண்ணி சலூன்காரரிடம் கேட்டாள்.

"எல்லா நிபந்தனையையும் விளம்பரத்துலயே வாய்விட்டுச் சொல்லிட்டாங்களாம். நான் காது குடுத்துக் கேக்காதது என் தப்பாம்."

சொல்லி வைத்த மாதிரி, கண்ணாடிக்கு மேலே இருந்த டிவியில் விளம்பரம் வந்தது. வராமல் இருந்திருந்தால்தான் அதிசயம். அந்தச் சானலில் செய்திகள், விளம்பரங்களுக்கு நடுவே இளைப்பாற வருபவை. முதலில் வயலின்கள் அழுதன. பிறகு மேகத்துக்குள்ளிருந்து வெள்ளை வெளேரென்று சட்டை போட்ட ஒருவர் கைகூப்பிக்கொண்டு இறங்கினார். மேகாசனத்தின் முதலாளி. நடிகருக்குக் கொடுக்கிற காசை மிச்சம் பிடிக்கத் தானே நடிக்க வந்தவர், இப்போது காசு கொடுத்தாலும் விலகமாட்டார் என்கிற நிலைக்கு வந்திருந்தார்.

'உங்கள் வீட்டு மூத்த பிள்ளை பேசுகிறேன்' என்று தழுதழுத்தார். தன்னைவிட வயதில் சிறியவர்கள் என்று பார்த்தவுடன் தெரிகிற ஒரு கிழத் தம்பதியை அம்மா, அப்பா என்று அழைத்து மேகாசனத்தில் உட்காரவைத்தார். அவர்களுடைய வலிகள் புகையாகப் பறந்தன. 'பெற்றவர்களிடம் பிள்ளை காசு கேட்பானா? முற்றிலும் இலவசம்!' வயலின்கள் உச்சத்துக்குப் போய் நின்றன. அதற்கும் பிறகு, பாத்திரக்கடை சரிந்த மாதிரி இசைக்கு நடுவே ஒரு குரல், ஒரே மூச்சில், புரியாத வேகத்தில் எதையோ முணுமுணுத்துவிட்டு ஓடிப்போனது.

"அதுதாங்க நிபந்தனை" என்றார் சலூன்காரர்.

"அதுவா? எவனோ வெந்நீர்ல கை வெச்ச மாதிரி இருக்கு" என்றான் கொழுந்தன்.

"தம்பி, செல்போன்ல பிடிச்சியா?"

"பிடிச்சேன் அண்ணி."

"மெதுவாப் போடு."

கொழுந்தன் வேகத்தைக் குறைத்துப் போட்டான். இசை, மாடு கத்துவதாக மாறியது. அதற்கு அடியில் குரல் சேற்றில் நடந்தது. மூன்று முறை கேட்டார்கள். ஒன்றும் பிடிபடவில்லை. நான்காவது முறை இசை ஒரு கணம் மூச்சு விட்ட இடத்தில், ஒரே ஒரு சொல் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிவிட்டு மறுபடியும் முங்கியது.

மச்சினன்.

கடையில் இருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள். நுரைக்காரன் கூடக் கண்ணைத் திறந்தான்.

"எங்க இனத்தை எதுக்கு இழுக்கறாங்க?" என்றான் கொழுந்தன். "நானும் ஒருத்தருக்கு மச்சினன். இது அவதூறு."

 பொடி எழுத்தில் ஊறிய மூளை வேலை செய்கிறபோது அண்ணி கீழுதட்டைக் கிள்ளிக்கொள்வாள். கிள்ளினாள்.

"நான் எத்தனையோ நிபந்தனை எழுதியிருக்கேன் தம்பி. பூகம்பம், போர், பூச்சி அரிப்பு எல்லாம் போட்டிருக்கேன். மச்சினனைப் போட்டதில்ல. ஒரு கம்பெனியில மச்சினன் எங்க உட்காருவான்?"

"வேற எங்க, கல்லாவுல."

"கல்லாவுல இருக்கறவனை யாரு பேச்சுல இழுப்பா?"

"அவன்கிட்ட காசு வாங்க வேண்டியவன்." கொழுந்தன் நிமிர்ந்தான். "அண்ணி! அந்தக் குரல், எழுதிக் குடுத்ததைப் படிக்கலங்கறீங்களா?"

"இந்தத் தொழில்ல இவ்வளவு வேகமா வாயாடறவங்க எத்தனை பேரு?"

"ஒரே ஆளு. எண்ணெய், சிமென்ட், சீட்டுக் கம்பெனி, எல்லா விளம்பரத்துக்கும் வாலு அவருதான். ஸ்டூடியோவுல எக்ஸ்பிரஸ்னு கூப்பிடுவோம்."

அண்ணி வெளியேறும்போது சலூன்காரரின் காதோரமாகச் சொன்னாள்: "மூணு மணிக்கு வந்துடுங்க. இன்னொரு கன்னத்தை அப்படியே விட்டுட்டு வாங்க. எந்த மனுஷனும் பாதி மூஞ்சியோட தெருவுல நாற்காலி தூக்கமாட்டான்."

சலூன்காரர் நுரையை இன்னொரு முறை தாராளமாகப் பூசினார். "கொஞ்சம் ஊறணும் சார்" என்றார் பணிவாக.

*

ஸ்டூடியோ ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. உள்ளே சுவர் முழுக்க முட்டை அட்டைகள் ஒட்டி, ஜன்னலைப் பஞ்சுமெத்தையால் அடைத்திருந்தார்கள். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மெலிந்த ஒரு மனிதர் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று, முடி வளர்க்கும் தைலம் ஒன்றுக்கு, முடி வளராவிட்டால் கம்பெனி பொறுப்பல்ல என்பதைத் தும்முகிற நேரத்துக்குள் சொல்லி முடித்தார். சிவப்பு விளக்கு அணைந்தது.

"வணக்கம்... வாங்க..." என்றார் எக்ஸ்பிரஸ், வெளியே வந்து. பிறகு ஒரு ஸ்டூலைத் தேடி, அதைத் துடைத்து, அதில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, "உக்காருங்க..." என்று வாக்கியத்தை முடித்தார்.

அண்ணி கொழுந்தனைப் பார்த்தாள்.

"வேலை நேரத்துல மட்டும்தான் அண்ணி வேகம்" என்று அவன் கிசுகிசுத்தான். "இவரு கல்யாணத்துல 'சம்மதமா'ன்னு கேட்டு, பதில் வர்றதுக்குள்ள பாதிப் பேரு சாப்பிட்டுட்டாங்களாம்."

"மேகாசனம் விளம்பரத்துல நீங்க என்ன படிச்சீங்க?" என்று அண்ணி நேரடியாகக் கேட்டாள்.

எக்ஸ்பிரஸின் முகம் வெளுத்தது. அதுவும் மெதுவாகத்தான் வெளுத்தது.

"அவங்க... அனுப்பி... வந்தீங்களா?"

"அவங்களுக்கு எதிரா வந்திருக்கோம். அவங்களால ஒருத்தரு இன்னிக்கு மூணு மணிக்குத் தொழிலையே இழக்கப் போறாரு."

அவர் வெகுநேரம் யோசித்தார். கொழுந்தன் கைக்கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு... கூலி குடுத்தாங்க... பாதிதான் இருந்தது. மீதி எங்கன்னு... மச்சினன்கிட்ட கேட்டேன். ஒலிவாங்கித் தேய்மானக் கட்டணம்னான். நான்... பேசினதுல... அது தேயுதாம்." அவருடைய கண்கள் கலங்கின. "ஒலிவாங்கி... அவனுதுகூட இல்லைங்க. ஸ்டூடியோவுது."

"கூலி வாங்கினது பதிவுக்கு முன்னாலயா?"

"முன்னால. வயித்தெரிச்சலோட... உள்ள போனேன். பேப்பரை... மடிச்சுப் பையில வெச்சேன். வாய்க்கு... வந்ததைச் சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"கோபத்துல... சொன்னது... யாருக்குங்க ஞாபகம் இருக்கும்?"

"யாரும் கண்டுபிடிக்கலையா?" என்றான் கொழுந்தன். கேட்ட உடனேயே அவனுக்கே பதில் தெரிந்துவிட்டது. அவனும் இந்தத் தொழிலில் இருந்தவன்தானே.

பதிலைச் சொன்னது, கழுத்தில் ஹெட்போனை மாலை மாதிரி மாட்டிக்கொண்டிருந்த ஒலிப்பதிவாளர். "நிபந்தனையை எவன் சார் கேப்பான்? கொடுத்த நேரத்துக்குள்ள அடங்குதான்னு மட்டும்தான் பார்ப்போம். இவரு பேசினதை மிஷின்ல போட்டு இன்னும் பிழிஞ்சு, மேல இசையைக் கொட்டி மூடிடுவோம். அந்த முதலாளி மட்டும் நேர்லயே வந்து கேட்டாரு. அதான் இங்க எல்லாருக்கும் ஆச்சரியம். எதிர்ல உட்கார்ந்து மூணு தடவை கேட்டாரு."

அண்ணியின் கை உதட்டுக்குப் போனது. "கேட்டுட்டு?"

"ஒவ்வொரு தடவையும் 'இன்னும் வேகமா'ன்னாரு. கடைசியில 'இதுதான் வேணும், ஒரு எழுத்தும் புரியல'ன்னு சந்தோஷமாத் தட்டிக்குடுத்துட்டுப் போனாரு."

"பிழியறதுக்கு முன்னால பதிஞ்சது இருக்கா?"

"அழிக்கறதே இல்ல. எங்களுக்கும் பாக்கி வெச்சிருக்கான் அந்த ஆளு. இந்தாங்க" என்று பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். அதையே அண்ணியின் செல்போனிலும் ஏற்றிவிட்டார். "நான்கூடக் கேட்டதில்ல. கேட்டுட்டு நல்லா இருந்தாச் சொல்லுங்க."

எக்ஸ்பிரஸ் வாசல் வரை வந்து வழியனுப்பினார். அவர் "போயிட்டு" என்று ஆரம்பித்தபோது இவர்கள் படியிறங்கினார்கள். "வாங்க" என்று முடித்தபோது ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணி காதில் செல்போன் ஒயரைச் செருகிக்கொண்டாள். பெரிய சாலைக்கு வந்ததும் ஸ்கூட்டர் குலுங்கியது. பஞ்சர் என்று நினைத்து கொழுந்தன் ஓரம் கட்டினான். இரண்டு சக்கரமும் நன்றாகவே இருந்தன. திரும்பிப் பார்த்தான். அண்ணி வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, சத்தமே இல்லாமல், கண்ணில் நீர் வழியக் குலுங்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி? அழறீங்களா, சிரிக்கறீங்களா? அண்ணனுக்குப் போன் போடட்டுமா?"

"ரோட்டைப் பாரு."

"எனக்கும் ஒரு காதுல குடுங்களேன்."

"குடுத்தா ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியிலதான் கேக்கணும். வண்டிய எடு."

*

சமரச அலுவலகத்தில் ஒரு மேசை, நான்கு பெஞ்சு, ஒரு மின்விசிறி. மின்விசிறி மேசைக்கு அந்தப் பக்கம் மட்டும் திரும்பும்படி கம்பியால் கட்டப்பட்டிருந்தது. அதன் காற்றில் அதிகாரியம்மாவின் காகிதங்கள் படபடக்க, அவற்றின்மேல் அவர் ரப்பர் முத்திரைகளை வரிசையாக வைத்து அடக்கியிருந்தார். குறைகளைக் கேட்டுக் கேட்டுக் களைத்த முகம்.

மூத்த பிள்ளை ஏற்கெனவே வந்திருந்தார். டிவியில் பார்த்ததைவிட ஒரு சாண் குறைவு. மேகம் இல்லாத குறையை வாசனைத் திரவியத்தால் ஈடுகட்டியிருந்தார். இந்தப் பக்கம் ஒரு வக்கீல், அந்தப் பக்கம் இரண்டு செல்போன்களோடு மச்சினன். மச்சினனைக் கண்டதும் கொழுந்தனுக்குத் தன் இனத்தின் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. கையில் போட்டிருந்த மோதிரங்களைப் பார்த்தால் விரல்களுக்கே வாடகை வசூலிப்பவன் மாதிரி இருந்தான். சலூன்காரர் எதிர் பெஞ்சில், முதுகை வளைக்காமல், அளவுகோல் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, நான் வியாபாரி இல்லை" என்று மூத்த பிள்ளை எழுந்து ஆரம்பித்தார். "நான் ஒரு மகன். லட்சக்கணக்கான வீடுகளில்..."

"உட்கார்ந்தே சொல்லுங்க" என்றார் அதிகாரியம்மா. "வெளிச்சத்தை மறைக்கறீங்க."

அவர் உட்கார்ந்தார். ஆனால் குரல் நின்றுகொண்டேதான் பேசியது. ஒளிவுமறைவு என்பதே தன் அகராதியில் கிடையாது, ஒவ்வொரு நிபந்தனையையும் நாடறிய விளம்பரத்தில் முழங்கிய பிறகே ஒரு திருகாணியையாவது விற்றிருக்கிறோம் என்றார். வக்கீல் தலையாட்டினார். தலையாட்டுவதற்குத் தனிக் கட்டணம் இருக்கும் போலிருந்தது.

அதிகாரியம்மா அண்ணியைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க? வேகமாப் படிச்சதால புரியல, அதனால செல்லாது. அதானே? இந்த மாசத்துல இது எனக்குப் பதினோராவது. எனக்கும் அது புரியறதில்ல. ஆனா வேகமாப் பேசக் கூடாதுன்னு சட்டம் இல்லம்மா."

"நான் அப்படிச் சொல்லப் போறதில்லைங்க" என்றாள் அண்ணி. "இவர் சொல்றது அத்தனையும் சரி."

சலூன்காரரின் முகம் தொங்கிப்போனது. கொழுந்தன் தன்னையறியாமல் கோர்ட் காட்சிக்குரிய முணுமுணுப்பை வெளியிட்டான்.

"விளம்பரத்துல சொன்னது வேகமோ மெதுவோ, கேட்டாலும் கேக்காட்டியும், சொன்னது சொன்னதுதான். ரெண்டு பக்கத்தையும் கட்டுப்படுத்தும். அப்படித்தானே சார்?"

"பார்த்தீர்களா! அறிவுள்ள பெண்மணி!" என்றார் மூத்த பிள்ளை.

"அம்மா, நீங்க யாரு பக்கம்?" என்று சலூன்காரர் பரிதாபமாகக் கேட்டார்.

"பொறுங்க. சார், அந்த வரிகளை நீங்க காதால கேட்டுத்தான் ஒப்புதல் குடுத்தீங்களா? இல்ல, கீழ இருக்கறவங்க யாராவது..."

இது அவருடைய பெருமையின் மேல் விழுந்த அடி. "கீழே இருப்பவர்களா? மேகாசனத்தில் என் காதுக்குத் தப்பி ஒரு சொல் வெளியே போகாது. ஸ்டூடியோவில் நானே உட்கார்ந்து மூன்று முறை கேட்டேன். ஒவ்வொரு சொல்லும் என் சொல். எழுதிக்கொள்ளுங்கள் அம்மா."

அதிகாரியம்மா எழுதிக்கொண்டார். வக்கீலுக்கு மட்டும் எங்கேயோ காற்று மாறுவது தெரிந்து, முதலாளியின் சட்டையைப் பிடித்து இழுத்தார். முதலாளி கையைத் தட்டிவிட்டார்.

"அப்ப அதையே இங்க கேட்டுடலாமே" என்றாள் அண்ணி. "பிழியறதுக்கு முன்னால, இசை இல்லாம, அதே குரல். தம்பி, இந்த டிரைவை அம்மாவோட கம்ப்யூட்டர்ல போடு."

குரல் வந்தது. வேகமானதுதான். ஆனால் இப்போது ஒவ்வொரு சொல்லும் கழுவி வைத்த கண்ணாடி டம்ளர் மாதிரி தெளிவாக இருந்தது.

'மேகாசனம் நிபந்தனைகள். ஒன்று, எழுதிக் கொடுத்ததை நான் படிக்கப் போவதில்லை. என் கூலியில் பாதியை முதலாளியின் மச்சினன் முழுங்கிவிட்டதால் நிபந்தனைகளை நானே போடுகிறேன். இரண்டு, இந்த நாற்காலிக்கு எந்தக் கட்டணமும் கிடையாது. எந்தப் பெயரில் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் முழுதாகத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று, வேண்டாம் என்றால் மச்சினன் நேரில் வந்து நாற்காலியைத் தன் தலையில் வைத்துத் தூக்கிப்போக வேண்டும். ஆள் வைக்கக் கூடாது. நான்கு, கட்டணம் கொடுத்த ஒவ்வொருவரிடமும் முதலாளி நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இவை இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். நன்றி. வணக்கம்.'



அதிகாரியம்மாவின் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. கொழுந்தனுக்கு ஸ்கூட்டர் ஏன் பஞ்சரான மாதிரி ஆடியது என்பது அப்போதுதான் விளங்கியது.

"இது... இது சதி!" மூத்த பிள்ளைக்கு மேகத்து மொழி போய் வீட்டு மொழி வந்துவிட்டது. "எவன்டா அவன்? அவன் சொன்னதெல்லாம் நிபந்தனை ஆயிடுமா?"

"ஒவ்வொரு சொல்லும் உங்க சொல்னு எழுதியிருக்கேனே" என்றார் அதிகாரியம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. இத்தனை வருஷத்தில் அந்த மேசையில் யாரும் அவர் சிரித்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. "சரி, உங்க இஷ்டம். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. இது உங்க நிபந்தனை இல்லைன்னா, எந்த நிபந்தனையும் சொல்லாமலே இத்தனை மாசமா விளம்பரம் போட்டு வசூல் பண்ணியிருக்கீங்க. அப்ப இன்னிக்குச் சாயங்காலத்துல இருந்து உங்க விளம்பரம் எந்தச் சானல்லயும் வரக் கூடாதுன்னு உத்தரவு போடுவேன். இதுதான் நிபந்தனைன்னா, விளம்பரம் பாட்டுக்கு ஓடட்டும். நீங்க இதும்படி நடந்துக்கணும்."

வக்கீல் காதில் ஏதோ சொன்னார். 'விளம்பரத்தை விட்டுடுங்க சார், கட்டணத்தைப் பிறகு பார்த்துக்கலாம்' என்பது கொழுந்தன் காது வரைக்கும் வந்தது. நல்ல யோசனைதான். புத்தியுள்ள எந்தத் திருடனும் அதைத்தான் செய்வான்.

ஆனால் மூத்த பிள்ளை கேட்டது வேறு. "எந்தச் சானல்லயுமா?"

"எதுலயும்."

"காலைச் செய்திக்கு முன்னால வர்றதும்?"

"அதுவும்தான்."

மேகத்திலிருந்து இறங்குகிற தன்னை அவர் மனதுக்குள் ஒருமுறை பார்த்துக்கொள்வது அந்த முகத்தில் தெரிந்தது. வெள்ளைச் சட்டை, கூப்பிய கை, அழுகிற வயலின்கள். தெருவில் நடந்தால் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு நாற்காலி வியாபாரியாக மறுபடியும் ஆவதற்கு உலகத்தில் எந்தக் கட்டணமும் ஈடாகாது.

"நிபந்தனை... இதுதான்" என்றார்.

"மாமா!" என்று அலறினான் மச்சினன். "தலையில தூக்கறது நான்!"

"வாயை மூடு. எல்லாம் உன்னாலதான்." பிறகு, சின்னதாக ஒரு நம்பிக்கையோடு அதிகாரியம்மாவிடம் திரும்பினார். "மத்த கஸ்டமருங்க யாரும் இதைக் கேட்டதில்லையே?"

"கேக்கவெச்சுடுவோம் சார்" என்றான் கொழுந்தன். "கும்பல்தானே என் பழைய தொழில்."

அதிகாரியம்மா ரப்பர் முத்திரைகளில் பெரியதாகப் பார்த்து ஒன்றை எடுத்தார். வாங்கிய கட்டணம் முழுதும் திரும்ப வேண்டும், சலூனில் உள்ள பழைய நாற்காலியை எவரும் தொடக் கூடாது என்று எழுதி, மேசை அதிர ஒரு குத்துக் குத்தினார். காகிதத்தைச் சலூன்காரரிடம் நீட்டினார். அவர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். அப்போதும் முதுகு வளையவில்லை. 

"வேனுக்குப் போன் போடுங்க" என்றாள் அண்ணி மச்சினனிடம்.

மச்சினன் போட்டான். "டேய், தூக்க வேண்டாம். கிளம்புங்க... என்னது? ஒரு கன்னமா? அதுக்கு நான் என்னடா பண்ணுவேன்!"

அவன் போனை வைத்ததும் மூத்த பிள்ளை எழுந்து வாசலைப் பார்த்து நடந்தார்.

"நாலாவது இருக்கே சார்" என்றார் அதிகாரியம்மா, காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

அவர் நின்றார். வக்கீலைப் பார்த்தார். வக்கீல் மின்விசிறியைப் பார்த்தார். கடைசியில் திரும்பி வந்து, பெஞ்சுக்கு முன்னால் நின்று, சலூன்காரரின் தலைக்கு மேலே இருந்த சுவரைப் பார்த்து, உதடு பிரியாமல், ஒரே மூச்சில், பாத்திரக்கடை சரிந்த மாதிரி எதையோ முணுமுணுத்தார்.

சலூன்காரர் உத்தரவை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"புரியலைங்க" என்றார். "மெதுவா."